கேஸ் நெக் டர்னிங் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

தோட்டாவின் பித்தளைக் கேஸைக் (வெடிமருந்து அடங்கும் உறை) கையில் எடுத்துப் பார்த்தால், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து வட்டமாக, ஒரே சீராகத்தான் தெரியும். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் தடித்திருக்கும். அப்படி இருந்தால் குண்டு சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) நடுக்கோட்டிலிருந்து விலகி உட்காரும். அந்தத் தடிப்பை வெளிப்பக்கமாகச் சீவி எடுப்பதுதான் நெக் டர்னிங்.

படி 1: முதலில் அளவு

கருவிக்கு முன்னால் உருண்டை முனை மைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். பத்து கேஸ்களில், ஒவ்வொன்றின் கழுத்தையும் நான்கு பக்கம் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 0.001 அங்குலத்துக்குள் இருந்து, உங்கள் ரைஃபிளும் சாதாரணத் தொழிற்சாலைச் சேம்பர் என்றால், கருவியே வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல கேஸ் வாங்கலாம்.

மேசைமேல் ரைஃபிளைத் தாங்கவைத்துத் துல்லியமாகச் சுடும் அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட்காரர்களின் 6 பிபிசி (6 PPC) தோட்டாவின் கதை வேறு. அவர்களில் பலருடைய சேம்பர் கழுத்து 0.262 அங்குலம்தான். அதில் சீவாத கழுத்து விரிய இடமிருக்காது. குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அங்கே டர்னிங் கட்டாயம்.

படி 2: மாண்ட்ரலும் எக்ஸ்பாண்டரும்

எல்லோரும் கட்டரைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் மாண்ட்ரலை, அதாவது சீவும்போது கழுத்துக்குள் நிற்கும் தண்டைப் பார்க்கச் சொல்வேன். கழுத்து அதன்மேல் ஆடினால், எவ்வளவு கூர்மையான கட்டரும் கோணலாகத்தான் சீவும்.

கழுத்தை முதலில் எக்ஸ்பாண்டரால் விரித்துக்கொள்ள வேண்டும். பித்தளை கொஞ்சம் சுருங்கித் திரும்பும் என்பதால், எக்ஸ்பாண்டர் மாண்ட்ரலைவிடச் சுமார் 0.001 அங்குலம் பெரிதாக இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே நிறுவனத்திடமே வாங்குங்கள். கே அண்ட் எம், 21ஸ்ட் செஞ்சுரி இரண்டுமே ஜோடியாகத் தருகின்றன. விரலால் தள்ளினால் கேஸ் லேசான பிடிப்போடு மாண்ட்ரல்மேல் ஏற வேண்டும். அசைத்தால் ஆடக் கூடாது.

நான் முதலில் வாங்கியது ஸ்டீல் மாண்ட்ரல். எண்ணெயும் சரியாகப் போடவில்லை. ஏழாவது கேஸில் சூடேறி, பித்தளை அப்படியே ஒட்டிக்கொண்டது. திருகி இழுத்தபோது கழுத்தின் உள்சுவர் முழுக்க வளையம் வளையமாகக் கீறல். கார்பைடு மாண்ட்ரலில் பித்தளை அவ்வளவு எளிதில் ஒட்டாது. கையில் பணம் இருந்தால் கார்பைடே எடுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு கேஸுக்கும் மசகு போடுங்கள்.

படி 3: கட்டரின் கோணம்

இது கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே கேஸ் அகலும் இடம்) சரிவோடு ஒத்துப்போக வேண்டும். .308 வின்செஸ்டருக்கு 20 டிகிரி, .223 ரெமிங்டனுக்கு 23, 6 பிபிசிக்கு 30.

படி 4: திருகும் விதம்

ஐம்பது கேஸ் வரை கையாலேயே முடியும். அதற்கு மேல் என்றால் மெதுவாகச் சுழலும் பேட்டரி ஸ்க்ரூடிரைவர் போதும். ஃபார்ஸ்டர் நிறுவனத்தில், கேஸின் நீளத்தை வெட்டிச் சரிசெய்யும் கேஸ் ட்ரிம்மரிலேயே பூட்டுகிற வகையும் உண்டு. ட்ரிம்மர் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது லாபம். வெட்டின் ஆழத்தைச் சின்னச் சின்ன அளவில் நகர்த்த முடிகிறதா, நகர்த்திய இடத்தில் பூட்ட முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

படி 5: பழைய கேஸில் சோதனை

எல்லாக் கேஸையும் முதலில் ஒரே நீளத்துக்கு ட்ரிம் செய்யுங்கள். பல கருவிகளில் கழுத்தின் வாய் முட்டும் இடத்தில்தான் வெட்டு நிற்கும். நீளம் மாறினால் வெட்டு முடியும் இடமும் மாறும். அப்புறம், கழித்துப் போட்ட மூன்று கேஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தைக் கூட்டிப் பாருங்கள். கட்டர் தோளின் தொடக்கத்தை மெல்லத் தொட்டு, மயிரிழைக் கோடு ஒன்று பளபளத்தால் சரி. அங்கே பள்ளம் விழுந்தால் உடனே பின்னால் எடுங்கள். அந்த இடத்தில்தான் கழுத்து பிய்த்துக்கொண்டு போகும்.