ரிசர்வ் சைட்டில் நாட்டுப் புல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கமெல்லாம் வீட்டுமனைகள் பெருகிவிட்டன. லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட ரிசர்வ் சைட் பெரும்பாலும் பார்த்தீனியம் மண்டித்தான் கிடக்கிறது. அங்கே கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் இருப்பதுபோல் கொழுக்கட்டைப் புல், கொழிஞ்சி, தும்பை, ஆவாரை என்று வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல ஆசை. ஆனால் முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

மண்ணைப் புரட்டினால் அடியில் கிடந்த பார்த்தீனிய விதை மேலே வந்து முளைக்கும். பல வருஷம் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும் விதை அது. ஒரு மழைக்குக் காத்திருந்து, முளைத்ததைப் பூ எடுக்கும் முன்பே மேலாகச் செதுக்குங்கள். அடுத்த மழைக்கும் அதேதான். வெறும் கையால் பிடுங்க வேண்டாம், அரிப்பு வரும். சாணி எருவும் வேண்டாம். அதோடு களை விதையும் வந்து சேரும், எருவைத் தின்று கொழுப்பதும் களைதான். மெலிந்த மண் நாட்டுப் புல்லுக்குப் பழக்கம்.

தீவன விதைக் கடையில் புல் விதை என்று பொதுவாகக் கேட்டால் கினியாப் புல், முயல் மசால், வேலிமசால் கிடைக்கும். மாட்டுக்கு நல்லவை, ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வந்தவை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக் கொழுக்கட்டை விதையை உருவி வாங்குவது மேல். உருவிய கையோடு விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று புலம்பக் கூடாது. புது விதை சில மாதம் உறக்கத்தில் இருக்கும். கொழிஞ்சி விதைக்குத் தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்த்தால்தான் நன்றாக முளைக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது இந்த வேலைக்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் ஆடிக்காற்றில் பஞ்சு போன்ற கொழுக்கட்டை விதை பக்கத்து மனைக்குப் போய்விடும். மழையும் பாலக்காட்டில் கொட்டுகிற அளவு இங்கே வராது. புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழையை எதிர்பார்த்து, ஈர மணலில் கலந்து தூவுங்கள். முள் கிளையை ஒருமுறை இழுத்தால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் முளை வருவது கஷ்டம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று யாராவது மரக்கன்றுகளோடு வருவார்கள். ஓரத்தில் ஒரு வெள்வேலுக்கு இடம் கொடுத்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புங்கள். நிழல் அடர்ந்தால் இந்தப் புல் நிற்காது.

பெரிய தவறு அக்கம்பக்கத்தாரிடம் பேசாமல் தொடங்குவது. முதல் வருஷம் புல் வேர் பிடிப்பதிலேயே இருக்கும், பார்வைக்கு வெறும் புதர். பாம்பு வரும் என்று ஒரு புகார் போனால் போதும். நூறு நாள் வேலைக்காரர்களோ, கேரளப் பக்கம் அதே வேலை செய்யும் தொழிலுறப்புக்காரர்களோ வந்து தரைமட்டமாகச் சுத்தம் செய்துவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, சொன்ன வேலையைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போன இடம் அது, நம்முடையது அல்ல. எனவே பஞ்சாயத்துத் தீர்மானம் முதலில், விதை அப்புறம். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வையுங்கள். சுவரையும் நடைபாதையையும் ஒட்டி 2 மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டியே வைத்திருங்கள். குப்பை கொட்ட விடாதீர்கள். குப்பைக்கு எலி வரும், எலிக்குத்தான் பாம்பு.

மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் தீர்ந்தது. தையில் விதை உதிர்ந்ததும் மாடு வைத்திருப்பவர்களை அறுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், கூலி மிச்சம். நாலு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும், ஒட்ட அறுத்தால் தூர் காய்ந்துவிடும்.