எலும்புக்கூட்டைத் தவறவிட்ட கட்டுரை: டச்சுப் பெண் ஓவியர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

ஓவிய ரசனை வகுப்பில் இந்த முறை வந்த கட்டுரைகளைத் திருத்தும்போது, பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியதையே திரும்பப் படிப்பதுபோல் இருந்தது. பெயர் பிழை, வருடப் பிழை எல்லாம் சரி, திருத்திக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது வேறு.

பழைய படத்தை நம்பி எழுதுவது

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தைச் சேர்ந்த யூடித் லெய்ஸ்டர் (1609–1660) வரைந்த ‘கடைசிச் சொட்டு’ படத்தில் இரண்டு இளைஞர்கள் குடிக்கிறார்கள். ஒருவன் காலிக் குவளையைச் சாய்த்துக் காட்டுகிறான். நூலகத்துப் பழைய புத்தகத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து, ‘சாவின் நிழலே விழாத ஓவியம்’ என்று எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் அச்சாகியும் விட்டது.

ஆனால் அந்த இருவருக்கும் நடுவே ஓர் எலும்புக்கூடு இருக்கிறது, மணற்கடிகாரமும் மண்டை ஓடும் ஏந்திக்கொண்டு. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தை 1993இல் சுத்தம் செய்தபோது அது வெளியே வந்தது. நான் எழுதியது அதற்குப் பத்து வருடம் கழித்து! வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். பேசி வைத்திருந்த தொடரும் கைவிட்டுப் போனது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. ஒரே ஒரு புதிய வண்ணப்படத்தைத் தேடிப் பார்த்திருந்தால் போதும்.

இந்த முறை மூன்று பேர் அதே பழைய படத்தை வைத்து எழுதியிருக்கிறார்கள். லெய்ஸ்டரின் பெயரே இப்படித்தான் மறைந்து கிடந்தது. அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக விற்கப்பட்ட ஒரு படத்தில், நட்சத்திரத்தோடு சேர்ந்த இவருடைய முதலெழுத்துகள் 1893இல்தான் அடையாளம் காணப்பட்டன. படம் எப்போது, எங்கே சுத்தம் செய்யப்பட்டது என்று விசாரிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

மண்டை ஓட்டோடு நின்றுவிடுவது

மரியா வான் ஓஸ்டர்வெய்க் 1668இல் வரைந்த நிலையாமைப் படம் வியன்னாவில் இருக்கிறது. மண்டை ஓடு எல்லோர் கண்ணிலும் படும். தானியக் கதிரைக் கொறிக்கும் சின்ன எலியைப் பாருங்கள். அப்புறம் கண்ணாடிக் குப்பியைப் பாருங்கள்: அதில் ஓவியரின் பிம்பம் தெரிகிறது. அழியப்போகும் பொருள்களின் வரிசையில் தன்னையும் வைத்திருக்கிறார்.

மலர் ஓவியத்தில் பூவுக்குப் பூ அர்த்தம் எழுதுவது

வேண்டாம்.

அப்பாவை வைத்து மகளை விளக்குவது

மலர் ஓவியர் ராஹெல் ராய்ஷின் (1664–1750) அப்பா உடற்கூறு அறிஞர்; பதப்படுத்திய உடல்களைச் சேகரித்தவர். சுவையான செய்திதான். ஆனால் பாதிக் கட்டுரை அவரைப் பற்றியே போய்விடுகிறது. ராய்ஷ் எண்பது வயதைத் தாண்டியும் வரைந்தார். கடைசிக் காலப் படங்களில் கையெழுத்தோடு தன் வயதையும் குறித்திருக்கிறார். அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.