தண்டா, வேரா, காம்பா? தாவர உள்ளமைப்பில் தடுக்கி விழும் இடங்கள்

நுண்ணோக்கியில் தண்டின் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு ‘வேர்’ என்று எழுதி வைப்பவர்களுக்குப் பாரன்கைமா (மெல்லிய சுவருள்ள அடிப்படைத் திசு), சைலம் (நீரை ஏற்றும் திசு), ஃபுளோயம் (உணவைக் கடத்தும் திசு) எல்லாம் மனப்பாடம்தான். எந்தத் திசு எங்கே இருக்கிறது, எது முதலில் உருவானது என்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

பாதித் தவறு பிளேடிலேயே தொடங்கிவிடுகிறது. பிளேடு சற்றுச் சாய்ந்தாலும் வட்டமான சைலக்குழாய் முட்டை வடிவில் நீளும். ஒரு பக்கம் மெல்லிசாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் சீவல் வரும். புதுப் பிளேடை எடுத்து, அதையும் தண்டையும் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் அறுக்காமல் உங்கள் பக்கமாக ஒரே இழுப்பாக இழுங்கள். முழு வட்டம்தான் வேண்டுமென்ற பிடிவாதம் வேண்டாம். புறத்தோலிலிருந்து மையம்வரை வரும் கால் வட்டம் மெல்லிசாகக் கிடைத்தால் தாராளமாகப் போதும். இருபது சீவலாவது நீரில் போட்டு, கண்ணாடிபோல் தெரிவதைத் தூரிகையால் எடுங்கள். மெல்லிய இலை என்றால், கீறிய கேரட் துண்டின் இடையில் செருகி இரண்டையும் சேர்த்தே சீவலாம்.

அடுத்தது சாயம். 1% சாஃப்ரனினில் 2 முதல் 3 நிமிடம் வைத்தால் போதும். அதிகம் ஊறினாலோ சரியாகக் கழுவாவிட்டாலோ எல்லாச் சுவரும் சிவந்துவிடும். அப்புறம் தாவரத்தைத் தாங்கும் திசுக்களான கோலன்கைமாவும் ஸ்கிளிரன்கைமாவும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் தடித்த சுவர் என்பதால் தடிப்பை மட்டும் நம்ப முடியாது. கோலன்கைமா உயிருள்ள செல். செல்லுலோஸும் பெக்டினும் பெரும்பாலும் மூலைகளில்தான் படிந்திருக்கும், சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் இருக்காது. ஸ்கிளிரன்கைமாவின் சுவர் சுற்றிலும் லிக்னின் ஏறித் தடித்திருப்பதால் பளிச்சென்று சிவக்கும். முதிர்ந்தபின் அது பெரும்பாலும் உயிரற்றது.

கழுவிய சீவலின்மேல் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கவர்ஸ்லிப்பை ஒரு விளிம்பு தொடும்படி சாய்த்து மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கருத்த, தடித்த விளிம்புள்ள அந்த வட்டத்தைச் சைலக்குழாய் என்று வரைந்து பெயரும் குறித்த படங்கள் ஏராளம்! நுண்திருகைச் சற்றே திருகினால் குமிழியின் விளிம்பு தடித்தும் மெலிந்தும் மாறும். செல் சுவர் அப்படி மாறாது.

இனி வேரா, தண்டா என்ற கேள்வி. கற்றைகள் (சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டுகள்) வட்டமாக இருந்தால் இருவித்திலை, சிதறியிருந்தால் ஒருவித்திலை என்ற சூத்திரம் தண்டுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவித்திலைத் தாவர வேரிலும் சைலமும் ஃபுளோயமும் வட்டமாகத்தான் அமைந்திருக்கும். ஆகவே முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வையுங்கள். சைலமும் ஃபுளோயமும் ஒரே ஆரத்தில் ஒன்றையொட்டி ஒன்று இருந்தால் தண்டு. வெவ்வேறு ஆரங்களில் மாறிமாறி இருந்தால் வேர். பிறகு புரோட்டோசைலத்தைத் தேடுங்கள். முதலில் உருவான அந்தக் குறுகிய குழாய்கள் தண்டில் மையத்தை நோக்கியும் வேரில் வெளிப்புறத்தை நோக்கியும் இருக்கும். வேர் என்று உறுதியான பிறகுதான் சைலக் கைகளை (நட்சத்திரக் கதிர்போல நீளும் சைலப் பகுதிகளை) எண்ண வேண்டும். பொதுவாக இருவித்திலை வேரில் 2 முதல் 6 வரை இருக்கும். ஒருவித்திலை வேரில் அதற்கும் மேல், நடுவில் பெரிய பித்தும் (மையத்திலுள்ள மென்திசு) காணப்படும்.

முதிர்ந்த வேர் இந்தச் சோதனையிலும் ஏமாற்றும். பருமனாகும் இரண்டாம் நிலை வளர்ச்சிக்குப் பின், புதுச் சைலத்தையும் ஃபுளோயத்தையும் உருவாக்கும் கேம்பியம் முழு வளையமாகிவிடுவதால் வெளித்தோற்றம் தண்டைப்போலவே இருக்கும். அப்போது நட்ட நடுவைப் பாருங்கள். பழைய முதல்நிலை சைலம் நட்சத்திரமாக அங்கே கிடந்தால் வேர். பாரன்கைமா நிறைந்த பித்து இருந்தால் பெரும்பாலும் தண்டு. இலைக்காம்பைத் தண்டென்று எண்ணுவதும் உண்டு. காம்பில் பொதுவாகக் கற்றைகள் பிறைபோல வளைந்திருக்கும். இடம் வலமாகச் சமமாகப் பிரிக்கலாம், மேல் கீழாகப் பிரிக்க முடியாது.

சைலம் முழுவதும் இறந்தது, ஃபுளோயம் முழுவதும் உயிருள்ளது என்பது தேர்வுத்தாளில் அலுக்காமல் திரும்பி வரும் பிழை. சைலத்தில் பாரன்கைமா செல்கள் உயிருள்ளவை. ஃபுளோயத்தில் நார்கள் பொதுவாக இறந்தவை. சல்லடைக்குழாய்ச் செல்லில் உட்கரு இல்லாவிட்டாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. துணைச்செல் அதைத் தாங்குகிறது.

வளர்ச்சியைப் பற்றிய தவறுகளுக்கு மூலகாரணம், மரம் உடல் முழுதும் நீள்கிறது என்ற எண்ணம். அடிமரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் அடித்த ஆணி பத்து ஆண்டு கழித்தும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். உயரம் கூடுவது தண்டுநுனியில் புதுச் செல்களை உருவாக்கும் ஆக்குத்திசுவால்; ஆணி இருக்கும் இடத்தில் கேம்பியம் பருமனை மட்டும் கூட்டி, மெல்ல ஆணியை விழுங்கும். புல் இதற்கு விலக்கு. அதன் இலையடியிலும் கணுக்களின் அருகிலும் இடை ஆக்குத்திசு இருப்பதால் மேலே வெட்டினாலும் கீழிருந்து நீளும்.

கேம்பியம் உள்ளே சைலத்தையும் வெளியே ஃபுளோயத்தையும் உருவாக்குகிறது. ஆக, கட்டையில் மிகப் பழையது மையத்தில். பட்டையில் மிகப் பழையது வெளியில். பட்டை என்றால் தக்கை மட்டும்தான் என்று நினைத்து மரத்தைச் சுற்றி உரிப்பவர் ஃபுளோயத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார். உணவு கீழே இறங்க வழியில்லாமல் வெட்டுக்கு மேலே புடைக்கும். வேர் பட்டினி கிடந்து சாகும். உள்ளே பழைய கட்டையான வைரக்கட்டை பொந்தாகிப்போன மரமோ பல காலம் பச்சையாக நிற்கும், ஏனெனில் நீரை ஏற்றுவது வெளிப்புறச் சாற்றுக்கட்டை.

வளையம் எண்ணும்போது வெளிர் பகுதியையும் கரும் பகுதியையும் தனித்தனியாக எண்ணினால் வயது இரட்டிப்பாகும். இரண்டும் சேர்ந்ததே ஓர் ஆண்டு. தரையை ஒட்டி எண்ண வேண்டும். மேலே போகப்போக வளையங்கள் குறையும். பருவ வேறுபாடு குறைந்த இடங்களில் பல மரங்களில் வளையம் தெளிவாக இருக்காது. பனை, தென்னையில் தேடவே வேண்டாம். அவற்றில் கேம்பியம் கிடையாது; கிளை இல்லாத அந்த மரத்தின் ஒரே நுனிமொட்டை வெட்டினால் அடுத்த ஓலையைத் துளிர்க்க அங்கே வேறு மொட்டு இல்லை.