வூகாமர்ஸ் கார்ட் பக்கத்தில் நிபந்தனை பார்த்துச் செய்தி காட்டுவது எப்படி?

அக்கா வீட்டிலேயே ஊறுகாய் போட்டு ஆன்லைனில் விற்கிறாள். கடை வேர்ட்பிரஸில், அதற்குக் கடை வசதி சேர்க்கும் வூகாமர்ஸ் ப்ளகினில் ஓடுகிறது. 999 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம். அவள் கேட்டது இரண்டே இரண்டு. கார்ட் 999-ஐத் தொடாவிட்டால் "இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று வர வேண்டும். கண்ணாடி பாட்டில் இருந்தால் "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள்" என்று வர வேண்டும். அரை மணி நேர வேலை என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு சனி, ஞாயிறைத் தொலைத்தேன். உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும்.

ஹூக் என்றால் பக்கத்தில் நம் கோடைத் தொங்கவிட வூகாமர்ஸ் விட்டிருக்கும் இடம். ஹூக், ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

படி 1: உங்கள் கார்ட் எந்த வகை?

கார்ட் பக்கத்தை எடிட்டரில் திறந்து பாருங்கள். வூகாமர்ஸ் 8.3 முதல் புதிதாகத் தொடங்கும் கடைகளில் கார்ட், பிளாக் வடிவில்தான் வருகிறது. நாம் பயன்படுத்தப்போகும் பழைய ஹூக்குகள் அதில் வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது. பக்கம் சும்மா இருக்கும். அந்த பிளாக்கை எடுத்துவிட்டு, ஒரு ஷார்ட்கோட் பிளாக்கில் சதுர அடைப்புக்குறிக்குள் வூகாமர்ஸ்_கார்ட் என்று போடுங்கள்.

படி 2: கோடை எங்கே போடுவது?

தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் போடாதீர்கள். ஒருமுறை அப்படிப் போட்டு, தீம் அப்டேட் ஆனதும் எல்லாம் காலி. சைல்ட் தீம் (தாய்த் தீம் அப்டேட் ஆனாலும் அழியாத துணைத் தீம்) வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் கோட் ஸ்னிப்பெட்ஸ் ப்ளகின் போதும். இதற்கென்றே விற்கும் பெரிய ப்ளகின்களை இந்த இரண்டு வரிச் செய்திக்காக வாங்க மாட்டேன்.

படி 3: தொகையை எடுப்பது

கெட்_கார்ட்_சப்டோட்டல் என்ற பெயரைப் பார்த்ததும் இதுதான் என்று தோன்றும். அது தருவது எண் அல்ல, ரூபாய்க் குறியோடு சேர்ந்த எச்டிஎம்எல் துண்டு. அதை 999-ஓடு ஒப்பிட்டால் பிஎச்பி 8-ல் செய்தி ஒருபோதும் வராது. கெட்_டிஸ்ப்ளேய்ட்_சப்டோட்டல் எண்ணாகத் தரும். அது 999-க்குக் குறைவாக இருந்தால், 999-லிருந்து கழித்து, மீதியை டபிள்யூசி_பிரைஸ் வழியாக அச்சிடுங்கள்.

படி 4: எந்த ஹூக்?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வூகாமர்ஸ்_பிஃபோர்_கார்ட் என்ற ஹூக்கில் செய்தியை ஒரு டிவ்வாகத் தொங்கவிட்டேன். 180 ரூபாய் பூண்டு ஊறுகாய் நான்கு பாட்டில், மொத்தம் 720. "இன்னும் 279 ரூபாய்க்கு வாங்கினால்" என்று அழகாக வந்தது. அக்காவுக்கு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பிவிட்டேன். அவள் எண்ணிக்கையை ஆறாக்கி, 'அப்டேட் கார்ட்' அழுத்தியிருக்கிறாள். கீழே மொத்தம் 1,080 ஆகிவிட்டது. மேலே அதே 279. "இன்னும் எவ்வளவுடா வாங்கணும்?" என்று கேட்டாள். பக்கத்தை ரீலோட் செய்தால் சரியாகிவிடும். அதனால் கேஷ்தான் காரணம் என்று நினைத்து, அதைத் துடைத்துத் துடைத்தே ஞாயிறு மதியம் வரை ஓட்டினேன்.

காரணம் வேறு. 'அப்டேட் கார்ட்' அழுத்தும்போது முழுப் பக்கமும் புதிதாக வருவதில்லை. கார்ட் ஃபார்மையும் மொத்தத் தொகைப் பெட்டியையும் மட்டும் ஜாவாஸ்க்ரிப்ட் மாற்றுகிறது. பிஃபோர்_கார்ட் ஹூக் அந்த ஃபார்முக்கு வெளியே இருக்கிறது. அதில் போட்ட டிவ் அப்படியே நிற்கும்.

வூகாமர்ஸ்_பிஃபோர்_கார்ட்_டேபிள் ஹூக் ஃபார்முக்கு உள்ளே இருக்கிறது. ஹூக் பெயரில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன், முடிந்தது. கார்ட் காலியாக இருந்தால் இரண்டுமே ஓடாது. நமக்கும் அதுதான் வேண்டும்.

படி 5: கண்ணாடி பாட்டில்

கார்ட்டில் உள்ள பொருள்களை லூப்பில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹேஸ்_டேர்ம் கொண்டு 'ப்ராடக்ட்_கேட்' வகையைச் சோதியுங்கள். ஒன்று கிடைத்ததும் லூப்பை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பாட்டிலுக்கு ஒரு செய்தி வரும். வகைக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் அதன் ஸ்லக் (இணைய முகவரியில் வரும் பெயர்) சதவீதக் குறிகளோடு நீளமாக இருக்கும். அதை நம்பாமல் வகையின் ஐடி எண்ணைக் கொடுங்கள். வகையை எடிட் செய்யும் பக்கத்தின் முகவரியில் டேக்_ஐடி என்று இருக்கும்.

பின்சேர்க்கை: 250 கிராம், 500 கிராம் என்று அளவு தேர்ந்தெடுக்கும் பொருள்களுக்குச் செய்தி வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேருமே கார்ட் ஐட்டத்துக்குள் இருக்கும் டேட்டா ஆப்ஜெக்டிலிருந்து ஐடியை எடுத்திருந்தார்கள். அது அந்த அளவின் ஐடி. வகை ஒட்டியிருப்பது தாய்ப் பொருளில். கார்ட் ஐட்டத்தின் ப்ராடக்ட்_ஐடியைக் கொடுங்கள். உள்வகையில் மட்டும் சேர்த்த பொருளுக்கு மேல்வகையின் ஐடியைக் கொடுத்தாலும் பொருந்தாது.

இன்னொரு பின்சேர்க்கை, கூப்பன் பற்றி: 1,080 ரூபாய் கார்ட்டில் 100 ரூபாய் கூப்பன் போட்டால் 980. நம் கோட் கூப்பன் கழிக்காத 1,080-ஐயே பார்ப்பதால் செய்தி வராது, ஆனால் இலவச டெலிவரியும் வராது. இலவச ஷிப்பிங் அமைப்பில், கூப்பன் கழிப்பதற்கு முந்தைய தொகையைப் பார்க்கச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது. அது போடாமல் இருந்தால், கோடில் கெட்_டிஸ்கவுன்ட்_டோட்டல் தொகையையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அக்கா அந்த டிக்கைப் போடச் சொல்லிவிட்டாள். "தீபாவளிக்குக் கூப்பன் கொடுத்துவிட்டு டெலிவரி காசும் கேட்டால் திட்டுவார்கள்" என்றாள்.