ஓவிய வகுப்புக்கு வருகிறீர்களா? ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

ஒரு தை மாதம் மயிலாப்பூர் பக்கம் நடந்த கலை விழாவில் காலை நேர ஓவிய வகுப்புக்கு உதவியாளனாகப் போயிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் கோபுரத்தை வரைய உட்கார்ந்தான். பின்னால் அவன் அம்மா, கையில் ரப்பரோடு. பையன் ஒரு கோடு போடுவான். "கோணலாக இருக்கிறது பார்" என்று அம்மா குனிந்து அழிப்பார். மறுபடி ஒரு கோடு, மறுபடி ரப்பர். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். தாளின் நடுவில் சாம்பல் நிற மேகம் ஒன்றுதான் இருந்தது. தாள் தேய்ந்து இரண்டு இடங்களில் பஞ்சு கிளம்பியிருந்தது. பையன் கோபுரத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். ரப்பர் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கழியில் தொடங்கி மாசி வரை சென்னையில் எங்காவது ஒரு கலை விழா நடந்துகொண்டிருக்கும். மழை ஓய்ந்து வெயிலும் தாங்கக்கூடிய மாதங்கள் இவைதான். கண்காட்சியோடு இரண்டு மணி நேர ஓவிய வகுப்பு, மாலையில் ஓவியர் ஒருவரோடு சந்திப்பு என்று நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுகிறார்கள். இவற்றில் நாற்காலி போடுபவனாகவும், தாள் கொடுப்பவனாகவும், ஆள் கிடைக்காத நாளில் சொல்லிக்கொடுப்பவனாகவும் இருந்திருக்கிறேன். வருகிறவர்கள் செய்யும் தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. முக்கால்வாசித் தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: முடிந்த படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம். இரண்டு மணி நேரத்தில் அது யாருக்கும் கைகூடாது. அந்த நேரத்தில் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

ரப்பர் மீது எனக்கு இருக்கும் பகைக்கும் இதுதான் காரணம். முதலில் போட்ட கோடு தவறாக இருந்தால் அது தாளில் இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று அடுத்த கோட்டை வைக்க முடியும். அழித்துவிட்டால் வெற்றுத் தாளில் மறுபடி குருட்டாம்போக்கில் தொடங்குவீர்கள்; பெரும்பாலும் அதே இடத்தில், அதே தவறு. லேசாகக் கோடு போடுங்கள், அதன் பக்கத்திலேயே திருத்துங்கள், சரியானது தெரிந்ததும் அதை மட்டும் அழுத்துங்கள். சென்னை ஓவியர்களின் தனிச் சொத்தே கோடு என்பார்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். மையில் விழுந்த கோட்டுக்கு ரப்பர் கிடையாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: "அவர்களுக்கு வரும். எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது." வகுப்புக்கு வெளியே நின்று இப்படிச் சொன்ன ஓர் அம்மாளிடம், காலையில் வாசலில் என்ன கோலம் போட்டீர்கள் என்று கேட்டேன். பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி என்றார். அதாவது, விடியற்காலை அரை இருட்டில், குனிந்த நிலையில், விரலிடுக்கில் மாவை விட்டு, அழிக்க வழியில்லாத தரையில் பதினைந்து வரிசைப் புள்ளியைப் பிசகாமல் கட்டி முடித்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குத்தான் வரைய வராதாம். கோலத்தில் கை எங்காவது சற்று விலகினால் அடுத்த வளைவில் அதைச் சரிக்கட்டிக்கொண்டு போவார்களே, பென்சில் பிடிக்கும்போதும் அதே மனத்தோடு பிடித்தால் போதும். அன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி அவர் போட்ட நீள வளைவை, மூன்று ஆண்டுகளாக வகுப்புக்கு வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் வீணாகிறது. வகுப்புக்கு முந்தைய நாள் 48 வண்ணப் பெட்டி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், முதல் அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து அழகு பார்ப்பார்கள். பென்சிலில் ஹெச் என்றால் ஈயம் கடினம், கோடு வெளிறும். பி என்றால் மென்மை, கோடு கருக்கும். 2பி ஒன்று, 6பி ஒன்று இருந்தால் போதும். பள்ளிக்கூடத்து ஹெச்பி பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு "நிழல் கருப்பாக வரவில்லை" என்று அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிக்க வேண்டாம். நகலெடுக்கும் தாள் 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். அதில் நீர்வண்ணம் தொட்டால் அப்பளம்போல் சுருளும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். பென்சில் வகுப்புக்குக் கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கென்று விற்கும் தடித்த தாள்), பரீட்சை அட்டை, இரண்டு கிளிப் போதும். கிளிப்பை மறக்காதீர்கள். காற்றில் தாளைப் பிடிக்க இடது கையைக் காவல் வைத்தால் அளவெடுக்கக் கை இருக்காது.

அளவெடுப்பது என்றதும் கோபுரத்துக்கு வந்துவிடலாம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரம். முதன்முறை வரைகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அடியிலிருந்து தொடங்குவார்கள்: வாசல், முதல் நிலை, அதிலிருக்கும் பொம்மைகள், ஒவ்வொரு பொம்மைக்கும் கை, கையில் ஆயுதம். மூன்றாம் நிலைக்கு வரும்போது தாள் முடிந்திருக்கும். கலசத்துக்கு அண்டைவீட்டுக்காரரின் தாளைக் கடன் கேட்க வேண்டியதுதான். முதலில் தாளில் கலசம் எங்கே, தரை எங்கே என்று இரண்டு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். பிறகு முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைக் கோபுரத்தின் உச்சியில் வைத்துக் கட்டைவிரலால் அடியைக் குறியுங்கள். அகலத்தையும் இதேபோல் எடுத்தால் உயரத்தில் அது எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பொம்மைகள் கடைசியில் வரட்டும். அவற்றையும் வரையத் தேவையில்லை, அவற்றின் அடியில் விழும் நிழலை மட்டும் வரைந்தாலே அங்கே பொம்மை இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நிழலுக்கு நேரம் பார்க்க வேண்டும். கிழக்குக் கோபுரத்தில் விடிந்ததும் வெயில் நேராக மோதும், சுதைச் சிற்பங்கள் எல்லாம் தட்டையாகத் தெரியும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சரிந்து ஏறுவதால் ஒன்பது மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் விழத் தொடங்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் ஓரத்தில் கருப்பு பிடிக்கும். மாலையில் அதே கோபுரம் எதிர்வெளிச்சத்தில் ஒரே கருநிழலாக நிற்கும், அப்போது வெளிக்கோட்டை மட்டும் வரையலாம். குளத்துப் பக்கம் மேற்கு, அங்கே கணக்கு தலைகீழ். எந்த நேரமானாலும் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு கடைசிவரை அதையே நம்புங்கள். சூரியனோடு ஓடினால் படத்தில் நான்கு திசையிலும் நிழல் விழும். வெள்ளைத் தாளில் நேர் வெயில் படும்படியும் உட்காராதீர்கள். அரை மணியில் கண் பூத்துவிடும்.

முகம் வரையும் வகுப்பில் ஒரே ஒரு திருத்தம் பாதிப் பேரைக் காப்பாற்றிவிடும். கண்கள் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன. நாம் எல்லோரும் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே தூக்கிவிடுகிறோம். நம்பாதவர்கள் எழுந்து கண்ணாடி முன் நின்று விரலால் அளந்துவிட்டு அமைதியாகத் திரும்பி வருகிறார்கள். சிலை செய்யும் ஸ்தபதிகள் இதையெல்லாம் கண்ணுக்கே விட்டுவைக்கவில்லை. உத்தம தசதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 அங்குலப் பங்கு (இந்த அங்குலம் உருவத்தின் உயரத்தைப் பகுத்த ஒரு பங்கு, இஞ்ச் அல்ல) என்று அளவோலை வைத்துக்கொண்டார்கள்.

கோபுரத்தைச் செல்பேசியில் படம் எடுத்துவிட்டு, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து வரைகிறவர்களும் உண்டு. அதை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே செய்யலாமே.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். "பிடித்ததை வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தால் முப்பது தாளில் இருபத்தைந்தில் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு, ஒரு தென்னை, வானத்தில் படுத்திருக்கும் 3 போல நாலு பறவை. வரைகிற பிள்ளை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வசிக்கும். மலையை ரயில் ஜன்னலில்கூடப் பார்த்திருக்காது. போட்டிக்குப் பழக்கியவர்கள் பழக்கிய படம் அது. சான்றிதழ் தரும் பழக்கமும் அதற்கு உரம். அந்தப் பிள்ளையிடம் அதன் செருப்பைக் கழற்றி எதிரே வைத்து வரையச் சொல்லுங்கள். வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பது வரை வந்துவிடும். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: இரண்டு மணி நேரம் காப்பி குடிக்கப் போய்விடுங்கள்.

மாலை நேரச் சந்திப்பில் நடப்பது வேறு வகை. ஓவியரின் படங்கள் அடுத்த கூடத்திலேயே மாட்டியிருக்கும், அவற்றைப் பார்க்காமல் நேரே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, முதல் கேள்வியாக "இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?" என்பார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை நினைத்துப் பாருங்கள். படம் நிறைய எழுத்து இருக்கும், எண் இருக்கும், ஜாதகக் கட்டம்போல் கட்டம் இருக்கும். ஆனால் எதையும் வாசிக்க முடியாது, வாசிப்பதற்காக எழுதப்பட்டதும் இல்லை. அதன் முன் நின்று பொருள் கேட்டால் பதில் சொல்கிறவர் என்ன செய்வார்? "முதலில் இந்தச் சிவப்பு வந்ததா, கட்டம் வந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். ஓவியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பணத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். படத்தின் விலையைச் சபையில் கேட்பது அழகில்லை, பிழைப்பைப் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை. 1966-இல் பணிக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் காலூன்றினார்கள். ஓவியரிடம் "வரையாத நேரத்தில் என்ன செய்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்ட மாணவி ஒருத்திக்குக் கிடைத்த இருபது நிமிடப் பதில், அன்றைய கூட்டத்திலேயே சிறந்த பகுதி. கேள்வி என்று எழுந்து தன் அனுபவத்தைப் பத்து நிமிடம் பேசுகிறவர் எல்லா ஊரிலும் உண்டு, அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கூட்டம் முடிந்த நொடியில் செல்பேசியை நீட்டி "என் மகள் வரைந்தது, எப்படி இருக்கிறது?" என்று வழி மறிப்பதை விட்டுவிடலாம். "என்னையும் ஒரு படம் வரைந்து கொடுங்களேன், ஐந்து நிமிட வேலைதானே" என்பதையும்.

அமைப்பாளர்கள் பங்குக்கும் உண்டு. ஆறு மணிக்கு ஓவியர் பேசுவார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை இரண்டு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து மைக் அவர் கைக்கு வரும்போது மணி ஏழு பத்து. நன்றியுரைக்குப் பேர் கொடுத்தவர் அதற்குள் மேடை ஓரத்தில் வந்து நிற்பார். பகல் நேரக் கூட்டம் என்றால் ஜன்னலுக்குத் திரை இருக்காது. படக்காட்சியில் ஓவியரின் நீலமெல்லாம் வெண்மையாகத் தெரியும், அவர் "இங்கே ஒரு அடர்நீலம் இருக்கிறது, நம்புங்கள்" என்பார். அசல் படம் ஒன்றையாவது மேடையில் கொண்டுவந்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நான் பார்த்த நல்ல கூட்டம் ஒன்றில் மேடையே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஓவியர், சுற்றிலும் இருபது பேர். கடைசி வரிசையிலிருந்து அச்சகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஐயா, எந்தத் தாளில் வரைகிறீர்கள்?" என்று கேட்டார். ஓவியர் துணிப்பையைத் திறந்து தாள்கட்டு ஒன்றை எடுத்தார். முக்கால்வாசி பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கம். ஒரே காகத்தை அறுபது எழுபது தடவை வரைந்திருந்தார், கோட்டின் மேல் கோடு, எதையும் அழிக்காமல். கட்டு கை மாறி வரிசை வரிசையாகப் போயிற்று. அச்சகத்துக்காரர் காகத்தைப் பார்க்கும் முன், தாளின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆர்ட் கார்டு, பின்பக்கம் பூச்சு இல்லாதது" என்றார். ஓவியர் எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.