மலிவு விலை ஹோண்டுராஸ் சுருட்டு: குற்றம் சுருட்டிலா, நம்மிடமா?

இருபது சுருட்டு கொண்ட கட்டு ஒன்று வாங்கினேன். பெட்டி எல்லாம் கிடையாது, மேலே செலோபேன் தாள் மட்டும். வந்த அன்றே ஒன்றைப் பற்றவைத்தேன். பாதியைத் தாண்டுவதற்குள் நான்கு முறை அணைந்துபோனது. நாக்கு முழுக்கக் கசப்பு. மறுநாள் இன்னொன்று, அதே கதை. காசுக்கேற்ற பணியாரம் என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மனசு கேட்காமல் மூன்றாவதை எடுத்தேன். அதே கட்டு, ஆனால் வேறு சுருட்டு! முதல் இரண்டில் நான் ருசி பார்த்தது புகையிலையை அல்ல, ஈரத்தை.

விலை குறைவு என்பதற்காக ஹோண்டுராஸ் சுருட்டை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நிகரகுவா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தான்லியும், மேற்கே சாந்தா ரோசா தே கோபானும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள். 1962-இல் அமெரிக்கா கியூபா மீது வர்த்தகத் தடை போட்ட காலத்தில், அங்கிருந்து வெளியேறிய புகையிலைக்காரர்கள் சிலர் வந்து சேர்ந்த நாடு இது. தான்லி அருகே ஹமாஸ்த்ரான் பள்ளத்தாக்கில் விளையும் கொரோஹோ என்ற ரகப் புகையிலை காரத்துக்குப் பெயர் பெற்றது. கட்டாக விற்பவற்றில் இரண்டு ரகம் உண்டு. மேல் இலையின் நிறம் ஒத்துப்போகவில்லை என்று கழித்தவை ஒன்று. உள்ளே முழு இலைக்குப் பதிலாக நறுக்கிய துண்டுகளை வைத்தவை இன்னொன்று. எது உங்கள் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பற்றவைக்கும் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். மடித்த துணியைப் போல இலைகள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் முழு இலை. பொடிப்பொடியாகத் தெரிந்தால் துண்டு இலை. அதன் தூள் வாய்க்கு வந்துகொண்டே இருக்கும். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, வாயில் வைக்கும் தலைப்பக்கத்திலிருந்து பற்றவைக்கும் முனைவரை மெதுவாக அழுத்தி வாருங்கள். ஒரு இடம் பஞ்சு மாதிரி அமுங்கினால், அந்த இடத்தில் சூடாக எரியும். கல் மாதிரி முடிச்சு இருந்தால், அங்கே புகை வராது. மேல் இலையில் நரம்பு தடித்திருப்பது அழகுக் குறை மட்டுமே. குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால் வண்டு. அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

சரி, என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். ஈரம் அதிகமானால் இலை உப்பி, புகை வரும் வழி அடைபடும். நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாவதால் அணைந்து அணைந்து போகும். நாமோ விடாமல் வேகவேகமாக இழுப்போம். சூடு ஏறிக் கசக்கும். பழி சுருட்டின் மேல்! காற்று புகாத டப்பாவில், உள்ளே காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் ஈரப்பதப் பொட்டலத்தோடு மூன்று வாரம் வையுங்கள். மரப்பெட்டி பார்க்க அழகு, ஆனால் ஆரம்பத்தில் வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா அதைவிட ஒழுங்காக வேலை செய்யும்.

வெட்டுவது எப்படி என்று விளக்கப் போவதில்லை. தலைப்பக்கத்தை மூடி ஒட்டியிருக்கும் சின்ன இலைத்துண்டுதான் தொப்பி; அதற்குக் கீழே இறங்காதீர்கள், அவ்வளவுதான். இரட்டைக் கத்தி வெட்டிதான் என் கட்சி. துளை போடும் கருவி, ஏற்கெனவே இறுக்கமான மலிவுச் சுருட்டை இன்னும் அடைத்துவிடும். பற்றவைக்கும் முன் சும்மா இழுத்துப் பாருங்கள். வைக்கோல், காய்ந்த மரம், கொஞ்சம் மாட்டுக்கொட்டகை வாடை எல்லாம் நல்லதுதான். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வந்தால் இலை சரியாகப் பதப்படவில்லை. அது ஆறப்போட்டுச் சில மாதம் காத்திருக்க வேண்டிய சரக்கு.

கேஸ் லைட்டரின் தீயை முனையில் படாமல் சற்றுத் தள்ளிக் காட்டி, விளிம்பு முழுக்கச் சிவக்கவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். புகையை வாயோடு நிறுத்துங்கள், நுரையீரலுக்கு விடாதீர்கள். அப்படியும் நிகோடின் உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில் தலை சுற்றி வியர்க்கும்.

முதல் சில இழுப்புகளை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு அங்குலம் எரியட்டும். முழு இலையென்றால் அந்த நீளத்துக்குச் சாம்பல் உதிராமல் நிற்கும் (என் வேட்டி மேல் விழும்வரை நின்றது). ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தால், லைட்டரால் ஒருமுறை சரிசெய்யுங்கள். மறுபடி மறுபடி ஓடினால் சுருட்டிய கையின் குறை. ருசியில், காரம் வேறு, கமறல் வேறு. காரம் நாக்கில் தெரிந்து அடங்கும். கமறல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. மலிவுச் சுருட்டில் கடைசி மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் கசக்கும், அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. நடுப்பகுதியில் மரம், மண், கொஞ்சம் மிளகு என்று ஏதாவது மாறினால் கொடுத்த காசுக்கு மேல் என்று வைத்துக்கொள்வேன். ஒரே கட்டில் மூன்றையாவது பார்த்துவிட்டே தீர்ப்பு.

பின்சேர்ப்பு: "டப்பாவில் ஈரப்பத மீட்டர் 65 காட்டுகிறது, இருந்தும் சுருட்டு ஊறித்தான் கிடக்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் உப்பு போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். நானும் என்னுடையதைச் சோதித்தேன், 68 காட்டியது. இத்தனை நாள் 65 என்று நம்பி 72-இல் வைத்திருந்திருக்கிறேன்.