விழுந்த மறுநாள் காலையில் செய்ய வேண்டியவை

"பட்டாத்தான் புத்தி வரும், விடுங்க" என்று குடிப்பவரின் வீட்டாருக்குச் சொல்லாத ஊர் இல்லை. அதில் பாதிதான் உண்மை. பலர் அடிமட்டத்தைத் தொட்ட பிறகே திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அடிமட்டம் ஆளுக்கு ஆள் வேறு. ஓசூர் கம்பெனியில் ஊதிப் பார்த்துவிட்டு கேட்டிலேயே திருப்பி அனுப்பிய காலை ஒருவருக்குப் போதும். மனைவி பிள்ளைகளோடு பாலக்கோட்டுக்குத் தாய்வீடு போனது இன்னொருவருக்கு. வேறு சிலருக்கு ரத்த வாந்திதான். அதுவரை காத்திருந்தால் திரும்பி வர ஆள் இல்லாமல் போகலாம். முதலில் வரும் சின்ன விழுகையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விழுந்ததும் வரும் வெட்கமும் பயமும் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். கை நடுக்கம் நின்று வயிற்றில் சாப்பாடு இறங்க ஆரம்பித்ததும், "நானே கொறைச்சுக்கறேன்" என்ற பேச்சு வந்துவிடும். அதற்குள் மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டும்.

பேசும் நேரம் காலை. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன் பேசுங்கள். காலையிலேயே குடிப்பவர் என்றால் முந்தின ராத்திரியே ஒரு கட்டிங் எங்காவது ஒளித்து வைத்திருப்பார், இன்னும் சீக்கிரம் எழுந்திருங்கள். பேசுவது ஒருவர் அல்லது இருவர், அவர் மதிக்கும் ஆள். கடன் கொடுத்தவரும் பங்காளியும் வேண்டாம்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி பாப்பா முன்னாடி படியில விழுந்தீங்க. ரெண்டு நாளா அவ ஸ்கூலுக்குப் போகல. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம், பையை எடுத்து வெச்சுட்டேன்." இவ்வளவுதான். நடந்த ஒரு சம்பவம், இன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை. "உங்க அப்பன் மாதிரியே" என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியும்.

அவர் சரி என்றதும் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். வீட்டார் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீத பிராந்தியில் அதற்குள் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். வருடக்கணக்கில் தினமும் இதைக் குடித்துப் பழகிய மூளை, திடீரென்று கிடைக்காவிட்டால் எகிறும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரம் முதல் நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் குழப்பநிலை: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சலும் படபடப்பும் இருக்கும். இதைப் பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் உயிரை விட்டவர்கள் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டதும் சட்டென்று நிறுத்துபவர்களுக்கும், கடை விடுமுறை நாளில் சரக்கு கிடைக்காதவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்பவர், முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், தலையில் அடிபட்டவர் கட்டாயம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவைக் கேளுங்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த தேதியும் மணியும், தினமும் எத்தனை குவாட்டர், வலிப்பு வந்ததுண்டா, சுகர், பிரஷர், வேறு என்ன மாத்திரை. கூச்சப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நடுக்கத்துக்கான மருந்தின் அளவை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

வழியில் தெரிந்த கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்று இறங்க வேண்டாம். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைப் பாதிப்பு வரக்கூடும். கண் தானாக ஆடும், நடை தள்ளாடும். "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இன்னொரு பெரிய தவறு, குழம்பில் தெரியாமல் மருந்து கலப்பது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். தெரியாமல் கொடுத்து அவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, பிரஷர் இறங்கி, நெஞ்சு அடைக்கும், இறப்பும் நேரலாம். மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வேலை இரண்டு வாரம் வரை இருக்கும். பெயரில்லாத பொட்டலப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. கோயிலில் கயிறு கட்டுவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பலருக்கு அந்தச் சத்தியம் நிற்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு கட்டட்டும்.

விழுந்த நாள் தற்கொலை எண்ணம் வரும் நாளும்கூட. பூச்சிமருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள். முதல் வாரம் தனியாக விடாதீர்கள். 14416 (டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண்) இரவும் பகலும் எடுக்கும். போதை மீட்புக்கு 14446.

அதோடு, முட்டுக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். "காய்ச்சல், இன்னிக்கு வரமாட்டார்" என்று சூப்பர்வைசருக்குப் போன் போடுவது, கந்து வட்டிக்குத் தோடு அடகு வைப்பது இரண்டும் அவர் விழ வேண்டிய இடத்தில் மெத்தை போடும் வேலை. அதற்காக ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவோ கட்டி வைக்கவோ கூடாது.

திரும்பி வந்த முதல் மூன்று மாதம் சனிக்கிழமைகள்தான் கண்டம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவருக்குக் கூலி கையில் வருவது அன்றைக்குத்தான். மேஸ்திரியிடம் பேசி வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கடை இல்லாத வழியில் பஸ் ஏறட்டும். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல் சோதனை பார்த்து டாக்டர் தருவார். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, குடியை விட வேண்டும் என்ற ஆசை போதும். வீட்டாருக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் வழுக்கும். பழைய அளவைக் குடித்தால் உடம்பு இப்போது தாங்காது, அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வழுக்கிய அன்று திட்ட வேண்டாம். பழைய தாளை எடுத்து, கடைசியாகக் குடித்த தேதியையும் மணியையும் அடுத்த வரியில் எழுதிக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.